தூக்குவது ஒன்று, தாங்குவது ஒன்று

மும்பை தாராவியின் தொழில்களைப் பற்றிப் பேசும்போது தோல் பைகளும் தையற்கூடங்களும் கும்பார்வாடாவின் பானைகளுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிலை இங்கே வேரூன்றச் செய்த தமிழர்களின் உழைப்பையும் நாம் மறப்பதில்லை. ஆயினும் இத்தொழில்கள் தடையின்றி நடக்கத் துணைநிற்கும் இன்னொரு தொழில் உண்டு. அது பழுது பார்க்கும் பட்டறைத் தொழில். 13 காம்பவுண்ட் பகுதியில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் எந்திரம் ஒன்றின் பேரிங் தேய்ந்துவிட்டால், அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும். தேய்ந்த பேரிங்கைத் தண்டிலிருந்து கழற்றிப் புதியதை ஏற்றிக் கொடுப்பவர், பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸை நிறுத்தியிருக்கும் பட்டறைக்காரர்.

அந்த பிரஸ்ஸில் செய்யத்தக்க ஒரு சிறு திருத்தத்தைப் பற்றியே இக்கட்டுரை. செலவு அதிகமில்லை, இடமும் கூடுதலாக வேண்டியதில்லை. ஆனால் அது காப்பாற்றுவது ஒருவருடைய முதுகையும் விரல்களையும்.

முதுகின் மேல் விழும் சுமை

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் விதியே அதற்கு அடிப்படை. இன்று ஒருவர் ஒரு கையால் நெம்புகோலை அசைத்து 20 டன் அழுத்தத்தை உண்டாக்க முடிகிறது.

ஆனால் பிரஸ்ஸின் மேசை எப்போதும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மேலிருந்து இறங்கி அழுத்தும் உலக்கையின் ஓட்டம் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர்தான். ஆகவே நீண்ட தண்டு வந்தால் மேசையைக் கீழே இறக்க வேண்டும். சிறிய கியர் வந்தால் மேலே ஏற்ற வேண்டும். இரு பக்கத் தூண்களிலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். மேசையைத் தூக்கி, உரிய துளைகளில் தடித்த இரும்புப் பின்களைச் செருகி, அவற்றின் மேல் அதை அமர்த்துவதே வழக்கம். 20 டன் விசையைத் தரும் எந்திரம், தன் மேசையைத் தூக்குவதற்கு மட்டும் மனிதனின் முதுகை நம்பியிருக்கிறது.

அந்த மேசையின் எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 200 மில்லிமீட்டர் சானல் இரும்பு மீட்டருக்குச் சுமார் 22 கிலோ இருக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு சானல்களை இணைத்துச் செய்த மேசை, இணைப்புத் தகடுகளோடு சேர்ந்து 50 கிலோவை எளிதில் தாண்டிவிடும். வளர்ந்த ஆண் தொழிலாளி கையால் தூக்கத்தக்க சுமைக்கு உச்ச அளவாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டுப் பரிந்துரையில் குறித்தது 55 கிலோ. உதவியாளர் இல்லாத பட்டறைக்காரர் ஏறத்தாழ அதே சுமையைக் குனிந்து நின்று, ஒரு முனையை உயர்த்திப் பின் செருகி, பிறகு மறுமுனையை உயர்த்தி, ஒவ்வொரு துளையாக ஏற்றுகிறார். நாளொன்றுக்குச் சில முறை இது நிகழ்கிறது. கை நழுவினால், சானலுக்கும் பின்னுக்கும் நடுவே அகப்படுவது விரல்.

கமலையிலிருந்து வின்ச் வரை

இதற்கான தீர்வு நமக்குப் புதியதன்று. நம் ஊர்க் கிணறுகளில் மாடு பூட்டி இறைத்த கமலையை மூத்த வாசகர்கள் கண்டிருப்பார்கள். கிணற்றின் ஆழத்திலிருந்து சால் நிறையத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது வடக்கயிறு. அந்த இழுப்பைத் திசை திருப்பிவிட்டது உருளை. பிரஸ் மேசைக்கும் அதே ஏற்பாடுதான். மாட்டின் இடத்தில் கையால் சுற்றும் ஒரு வின்ச் இருக்கும்.

அமைப்பு எளிது. பிரஸ்ஸின் மேல் சட்டத்தில் இரு பக்கமும் கப்பிகளைப் பொருத்த வேண்டும். மேசையின் இரு முனைகளிலிருந்தும் கிளம்பும் இரண்டு கம்பிவடங்கள் அக்கப்பிகளின் மேல் ஏறி, ஒரு பக்கத் தூணில் பொருத்திய ஒரே வின்ச்சின் உருளையில் வந்து சேரும். கைப்பிடியைச் சுற்றினால் இரு முனைகளும் ஒன்றாக உயரும். கைப்பிடியின் நீளம் 24 சென்டிமீட்டர், உருளையின் ஆரம் 3 சென்டிமீட்டர், பற்சக்கர விகிதம் 4க்கு 1 என்று கொள்வோம். அப்போது விசை 32 மடங்காகிறது. உராய்வில் பாதி போனாலும், 60 கிலோ மேசையைத் தூக்க 4 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். மேசையை அரை மீட்டர் உயர்த்தக் கைப்பிடியை ஏறத்தாழ 11 சுற்றுகள் சுற்ற வேண்டியிருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வின்ச்சில் பல வகைகள் உண்டு. விலை குறைந்த வகையில், பற்சக்கரத்தில் விழும் ஒரு நாக்கு மட்டுமே சுமையைப் பிடித்து நிற்கும். ஏற்றும்போது அது போதும். இறக்கும்போது அந்த நாக்கை விலக்கியாக வேண்டும். விலக்கியவுடன் முழுச் சுமையும் கைப்பிடிக்கு வந்துவிடும். பிடி தவறினால் கைப்பிடி வேகமாகச் சுழன்று மணிக்கட்டைத் தாக்கும். ஆகவே தானாகப் பிடிக்கும் பிரேக் உள்ளதையோ, கைவிட்டாலும் பின்னோக்கிச் சுழலாத வார்ம் கியர் வகையையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

கம்பிவடத்தில் சிக்கனம் வேண்டாம். மும்பையின் நாக்தேவி தெருவில் புதிய வடமும் கப்பியும் கிளாம்பும் கிடைக்கும்போது, பழைய இரும்புக் கடையில் கிடந்த வடத்தை நம்புவது அறிவுடைமை ஆகாது. வடத்தின் முறிவுத் தாங்குதிறன் தூக்கும் சுமையைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். கப்பியின் விட்டம் வடத்தின் தடிமனைப் போல் 18 முதல் 20 மடங்கு, அதாவது 5 மில்லிமீட்டர் வடத்துக்கு 9 முதல் 10 சென்டிமீட்டர் இருப்பது நல்லது. அதைவிடச் சிறிய கப்பியில் வடம் மிகையாக வளைந்து, உள்ளிருக்கும் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

வட முனையை மடித்துக் கண்ணி அமைக்கும்போது மூன்று கிளாம்புகள் வேண்டும். கிளாம்பின் அடித்தட்டு சுமை ஏற்கும் வடத்தின் மேலும், 'யு' வடிவப் போல்ட்டு மடித்துவிட்ட வால் பகுதியின் மேலும் அமர வேண்டும். மாற்றிப் பொருத்தினால் சுமை ஏற்கும் வடமே நசுங்கிவிடும். மேசை முழுவதும் இறங்கிய நிலையிலும் வின்ச் உருளையில் மூன்று சுற்று வடம் எஞ்சியிருக்க வேண்டும்.

வின்ச்சை அறையின் சுவரில் பொருத்தாமல் பிரஸ்ஸின் சட்டத்திலேயே பொருத்துவது நலம். தாராவியில் பல பட்டறைகள் வாடகை இடங்களில் இயங்குகின்றன; இடம் மாறும் நாளில் எந்திரத்தோடு வின்ச்சும் போய்விடும். ஆனால் தூண்களில் புதிதாகத் துளையிடவோ வெல்டிங் செய்யவோ கூடாது. அங்கே 20 டன் விசை ஓடுகிறது. இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புத் தகடுகளைக் கொண்டே பொருத்துங்கள்.

மறக்கக் கூடாத ஒரு விதி

வடம் மேசையைத் தூக்குவதற்கு மட்டுமே. அழுத்தத்தைத் தாங்க வேண்டியவை பின்கள். மேசையை வேண்டிய உயரத்துக்குச் சற்று மேலே ஏற்றி, இரு பக்கமும் பின்களை முழுமையாகச் செருகி, பிறகு மேசையைப் பின்களின் மேல் இறக்கி அமர்த்துங்கள். வடம் தளர்ந்து தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே நெம்புகோலைத் தொடுங்கள். வடம் விறைப்பாக இருக்கும்போது அழுத்தினால், டன் கணக்கான விசை அதன் மேலும் பாயும். அறுந்த கம்பிவடம் சாட்டையாக வீசும். அந்தச் சிறிய அறையில் விலகி நிற்க இடம் கிடையாது.

வடங்களின் நீளம் சமமாக இல்லையென்றால் மேசை சாய்ந்து தூண்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். சிக்கியது தெரியாமல் வின்ச்சை இறக்கிக்கொண்டே போனால் வடம் தளரும். மேசை பிறகு திடீரென விழும். ஒரு முனையில் டர்ன்பக்கிள் வைத்தால் நீளத்தைச் சரிசெய்துகொள்ளலாம். மேசை வடத்தில் தொங்கும்போது அதன் கீழே கையை நீட்டவே கூடாது. எந்திரத்தோடு வந்த பின்னுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த போல்ட்டைச் செருகும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தூக்கும் எந்திரங்களையும் வடங்களையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதி வாய்ந்தவர் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. இரண்டு பேர் வேலை செய்யும் சிறு பட்டறை அச்சட்டத்தின் வரம்புக்குள் வராமல் இருந்திருக்கலாம். இரும்பின் இயல்போ எல்லா இடத்திலும் ஒன்றே. ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்துவைத்து, வடத்தில் அறுந்த இழை உள்ளதா என்று பாருங்கள்.

கடனும் காப்பும்

இத்தகைய திருத்தத்துக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில், 'சிசு' பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கடன் பெறலாம். வின்ச், வடம், கப்பி ஆகியவற்றுக்கான விலைப்புள்ளியையும், கட்டணமின்றிப் பெறத்தக்க உத்யம் பதிவுச் சான்றையும் கொண்டுவந்தால், கிளை அலுவலர் வழிகாட்டுவார்.

ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டை, சேமிப்புக் கணக்கு உள்ள பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் எடுத்திருக்க வேண்டும். எனினும் அதன் எல்லையையும் அறிந்துகொள்வோம். விபத்தில் ஒரு கையின் பயன்பாட்டை முற்றிலும் இழந்தால் ஒரு லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு விரலை இழந்தால் அந்த வரையறைக்குள் வராது. பேரிங்கைத் தடவிப் பார்த்தே அதன் தேய்மானத்தைச் சொல்லும் விரலுக்கு எந்தக் காப்பீடும் ஈடாகாது. அதைக் காக்கும் வேலையைத்தான் வின்ச் செய்கிறது.

வங்கிக் கடனுக்கும் இந்த வடத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கடன் ஒரு தொழிலை வேண்டிய உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கும். அந்த உயரத்தில் தாங்கி நிற்க வேண்டியது தொழிலின் வருமானம். எந்தத் துளையில் நிறுத்தினால் பின் தாங்கும் என்பதை முன்னரே முடிவு செய்துகொண்டு கைப்பிடியைச் சுற்றத் தொடங்குவோம்.