தொலைக்காட்சித் தடையும் அதன் பரிகாரமும்

வீட்டின் நடுவே பேசிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டி திடீரென ஊமையாகி, சிக்னல் இல்லை என்னும் அறிவிப்பை மட்டும் காட்டி நிற்குமாயின், நம்மவர் முதலிற் செய்வது யாது? பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவது. அதனாற் பயனில்லையெனின், மாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்புவது. முன்னதால் பெருந் தீங்கில்லை. பின்னதோ சிறு பிழையைப் பெரும் பிழையாக்கிவிடும். காரணம் நாடாது கைவைத்தலின் கேட்டினையும், நாடிக் கைவைத்தலின் நன்மையினையும் இவ்வெளிய பொருளைக்கொண்டு விளக்க விரும்புகின்றேன்.

2020ஆம் ஆண்டில், பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைக்காட்சி வழியே நடைபெற்ற காலத்தில், எம் அண்டை வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள் அவ்வீட்டிற் படம் நின்றது. மழை விட்ட பின்னும் வரவில்லை. தந்தையார் கடன் பெற்றுப் புதிய செட்டாப் பெட்டி ஒன்று வாங்கினார். அதிலும் படம் தோன்றவில்லை. பன்னிரண்டு நாட்பாடங்கள் அச்சிறுமிக்கு இல்லையாயின. இறுதியிற் கண்ட குற்றம், டிஷ்ஷின் முனையிலுள்ள கேபிள் இணைப்பில் மழைநீர் புகுந்து கம்பி பச்சைபூத்து அரித்துப்போனதேயாம். அதனை வெட்டியெறிந்து புதுமுனை பொருத்த ஆன செலவு இருபது ரூபாய்!

நிற்க. படம் நம் இல்லத்தை அடையும் வழியைச் சிறிது நோக்குவோம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திற் செயற்கைக்கோள்கள், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலுதலால், நமக்கு ஓரிடத்தில் நிலைத்து நிற்பனபோலத் தோன்றுகின்றன. எடுத்துக்காட்டாக, 2015ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ஏவப்பெற்ற ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்பது. சென்னையிலிருந்து நோக்குவார்க்கு அது தென்கிழக்கே, தொடுவானத்தினின்றும் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் உள்ளது. டிஷ் ஒரு பாகை விலகினும், அதன் பார்வை அத்தொலைவில் 630 கிலோமீட்டர் அளவு விலகிவிடும். மாடியிலே டிஷ்ஷை வெறுங்கையாற் திருப்புதல் ஏன் தகாதென்பது இப்போது புலனாகும்.

வரும் அலை வினாடிக்கு ஆயிரங்கோடி முறைக்கு மேல் அதிர்வது; அதன் நீளம் இரண்டரைச் சென்டிமீட்டர் அளவே. டிஷ் அதனைக் குவிக்க, முன்னே நீட்டிய கையின் நுனியிலிருக்கும் எல்.என்.பி. என்னும் கருவி அதன் அதிர்வைக் குறைத்துக் கேபிள் வழியே கீழே அனுப்புகின்றது. இக்கருவிக்கு வேண்டும் மின்சாரமும் அதே கேபிளின் வழியாகவே செட்டாப் பெட்டியினின்றும் மேலே செல்கின்றது.

பழைய தொலைக்காட்சியில் அலை தளர்ந்தாற் படத்திற் புள்ளிகள் பெருகும்; ஆயினும் உருவம் மங்கலாகத் தெரியும். டிஜிட்டல் முறையிலோ படம் எண்களாக வருகின்றது. வழியிற் சில எண்கள் சிதையுமென்பதை முன்னறிந்து, திருத்துதற்குரிய எண்களையும் உடன் அனுப்புகின்றனர். டி.வி.பி.-எஸ் என்னும் முறையில் 188 பைட்டுகளுக்கு 16 பைட்டுகள் துணையாகச் சேர்க்கப்படும். அவற்றால் எட்டுப் பைட்டுகள் வரை பிழையைத் திருத்தலாம். அவ்வெல்லைக்குள் படம் மாசற்றது. எல்லை கடந்தாற் கட்டங்கட்டமாகச் சிதறிப் பின் அறவே நின்றுவிடும். ஆதலின், நேற்றுவரை நன்றாயிருந்ததே என்பது கேபிளுக்கும் இணைப்புக்கும் நற்சான்று ஆகாது. அவை பல மாதங்களாகத் தளர்ந்து வந்து இன்று எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

இனிக் குற்றத்தை நாடும் முறை. முதலாவது, ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்துக. செட்டாப் பெட்டியின் பட்டியல் திரையிற் தோன்றுமாயின் திரையும் பெட்டியும் நலமாக இணைந்துள்ளன; குற்றம் மேலே தேடற்பாலது. தோன்றாவிடின் இவ்விரண்டையும் இணைக்கும் வடத்தையும், தொலைக்காட்சியில் தேர்ந்த உள்வாயிலையும் பார்க்க.

இரண்டாவது, எல்லா அலைவரிசைகளும் நின்றனவா, சிலவா என நோக்குக. ஒன்று மட்டும் இல்லையெனின் அது நிலையத்தார் செய்த மாற்றமாகவோ, கட்டணக் குறைவாகவோ இருத்தல் கூடும். மீண்டும் அலைவரிசைகளைத் தேடச் செய்தாற் பெரும்பாலும் அமையும். ஏறத்தாழப் பாதி மறைந்தால் வேறு காரணம் உண்டு. அலைகள் செங்குத்து, கிடை என இருவகைப்படும். பெட்டி 13 வோல்ட் அனுப்பி ஒருவகையையும், 18 வோல்ட் அனுப்பி மற்றொன்றையும் எல்.என்.பி.யிடம் கேட்கின்றது. அம்மின்னழுத்தம் இணைப்பிற் குன்றினால் ஒருவகை மட்டும் நின்றுபோம்.

மூன்றாவது, பட்டியலில் வலிமை, தரம் எனக் காட்டப்படும் இரண்டு அளவுகளையும் காண்க. இரண்டும் சுழியாயின் கேபிளோ எல்.என்.பி.யோ பழுது. வலிமை மிகுந்தும் தரம் சுழியாயின், டிஷ் வேறு திசை நோக்குகின்றது, அல்லது பெட்டியின் அமைப்பு மாறியுள்ளது.

நான்காவது, எப்பொழுது நின்றது என்க. பெருமழையில் நின்றாற் பொறுத்திருக்க. நுண்ணிய அலையை மழைத்துளிகள் விழுங்குகின்றன. காற்றில் நின்றால் ஆணி தளர்ந்தது. மழை விட்டும் வராவிடின் இணைப்பில் நீர் புகுந்தது. மார்ச் நடுவிலும், செப்டம்பர் இறுதியையொட்டியும், முற்பகல் 11 மணியளவிற் சில நிமிடங்கள் நின்றால், நாம் மேற்கூறிய கோளின் பின்னே சூரியன் வந்துள்ளான் என்பது பொருள். அந்நேரத்தில் தென்னோலையின் நிழல் டிஷ்ஷின்மேல் விழுமாயின், நாள்தோறும் அலையை மறைப்பதும் அவ்வோலையே என்று அறியலாம்.

ஓர் எச்சரிக்கை. கேபிளைக் கழற்றுமுன் செட்டாப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துக. நடுக்கம்பியும் புறவலையும் ஒன்றையொன்று தொடலாகாது. இடியும் மின்னலும் உள்ளபோதும், மின்கம்பிகள் அருகே செல்லும் மாடியிலும் ஏறவே வேண்டா. படம் நாளை வரும், உயிர் வாராது.

இன்னுமொன்று. புயற்காலத்திற் செய்தி மிக வேண்டும் வேளையிலேயே இச்சாதனம் மழையால் நின்றுவிடும். மழை மறைக்க மாட்டாத நீண்ட அலைகளால் வருவது வானொலி. ஆதலின் மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்று ஒவ்வோர் இல்லத்திலும் இருத்தல் நலம்.

மாணவ நண்பர்களே! அண்டை வீட்டுத் தந்தையார் அறிவிலார் அல்லர். மகளின் பாடம் போகின்றதே என்னும் பதற்றமே அவரைக் கடைக்கு விரைவித்தது. அன்று யானும் அவருடன் மாடியேறி ஓர் இணைப்பைக் கழற்றிப் பார்த்தேனல்லேன். பௌதிக வகுப்பில் யாம் கற்ற அலையும் அதிர்வும் தேர்வுத் தாளோடு நின்றுவிட்டன. நுமக்கு அவ்வாறு நேராதிருப்பதாக. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், அயலார் வீட்டில் ஒரு படம் நின்றதெனக் கேட்பின், புதுப்பெட்டி வாங்குமுன் ஒருமுறை மேலே சென்று பார்த்து வாருங்கள்.