செயற்கைக் கிரகணம்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா இரவிலே, கண்ணைக் கூசச் செய்யும் பெருவிளக்கொன்றின் அருகே ஒரு மின்மினி பறப்பதாக நேயர்கள் கற்பனை செய்துகொள்க. அதனைக் காண விரும்புபவர் உள்ளங்கையால் விளக்கை மறைத்துக்கொண்டே நோக்குவார். அயல் விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் படம்பிடிக்க விஞ்ஞானிகள் கையாளும் உபாயமும் இதுவே. ஆயின், ஒளியை முற்றாக மறைப்பது எளிதன்று.

சூரியனைச் சூழ்ந்துள்ள கொரோனா என்னும் மெல்லொளி மண்டலத்தை, முற்காலத்திற் பூரண சூரிய கிரகணத்தின்போது மட்டுமே காணமுடிந்தது. 1955 ஜூன் 20 அன்று அத்தகைய கிரகணம் இலங்கையில் நிகழ்ந்தது. மாத்தளை மாவட்டத்திற்குக் கிழக்கேயுள்ள பொலன்னறுவைப் பகுதியில் அயல்நாட்டு அறிஞர்கள் கருவிகளோடு காத்திருந்தனர். சந்திரன் மறைத்த சூரியனை முகிலும் மறைத்துவிட, அவர்களுட் பலரது முயற்சி வீணாயிற்று.

கிரகணத்துக்குக் காத்திராது, அதனைக் கருவிக்குள்ளேயே உண்டாக்கியவர் பெர்னார் லியோ என்னும் பிரெஞ்சு அறிஞர். 1930ஆம் ஆண்டில், பிக் து மிடி மலையுச்சியில், தொலைகாட்டியினுள்ளே சூரிய பிம்பம் விழுமிடத்தில் ஒரு வட்டத் தகட்டை வைத்தார். ஒளி விளிம்பைத் தொட்டுச் செல்லும்போது சற்றே வளைந்து பரவும் இயல்புடையது. வில்லையின் விளிம்பில் அவ்வாறு பரவிய ஒளியைத் துளையுள்ள மற்றொரு தகட்டினால் தடுத்தார். இக்கருவியே கொரோனாகிராப்.

இந்தியா 2023 செப்டெம்பர் 2 அன்று ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத்திலும் இத்தகைய கருவியொன்று உண்டு. அதனை அமைத்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். விண்கலத் திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர் செங்கோட்டையிற் பிறந்த நிகார் ஷாஜி. பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தன் நிலையை அக்கலம் 2024 ஜனவரி 6 அன்று அடைந்தது.

விண்மீனருகே கோளைத் தேடுவதோ இதனினும் அரிது. கொரோனாவின் உட்பகுதி சூரியனைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு மங்கலானது. தொலைவிலிருந்து நோக்கின், பூமியோ சூரியனைவிட ஏறத்தாழ ஆயிரங்கோடி மடங்கு மங்கலாகத் தோன்றும். இந்நிலையில், ஆடியிலுள்ள அணுவளவு மேடுபள்ளமும் ஒளியைச் சிதறச் செய்து, கோள் போன்ற பொய்ப்புள்ளிகளைத் தோற்றுவிக்கும். ஆதலால், நாசாவின் ரோமன் விண்தொலைகாட்டிக்கென அமைக்கப்பட்ட கொரோனாகிராப்பில் வளைந்துகொடுக்கும் இரண்டு ஆடிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றின் பின்னும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய உந்துகள் உள. அவை ஆடியின் வடிவத்தை மிக நுட்பமாகத் திருத்திச் சிதறொளியை அடக்குகின்றன.

அக்கருவி எட்டவேண்டுமென விதிக்கப்பட்ட அளவு, விண்மீனைவிட ஒரு கோடி மடங்கு மங்கலான பொருளைக் காண்பதாகும். பூமியை ஒத்த கோளைக் காண இன்னும் ஆயிரம் மடங்கு நுட்பம் வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கும் நாளில், அக்கோளின் ஒளியைப் பகுத்து, அங்கே நீராவி உண்டா, ஒட்சிசன் உண்டா என ஆராயலாம். பிறிதோர் உலகில் உயிர் உண்டா என்னும் பழைய வினாவிற்கு விடை தேடும் வழி, விளக்கை மறைக்கும் அந்த உள்ளங்கையின் செம்மையிலே தங்கியுள்ளது.