இரண்டு விரல் இறக்கம்

மாத்தளைப் பக்கத்துக் கராஜ்களில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, இன்னும் ரெண்டு விரல் இறக்கித் தாங்க" என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைந்ததும், நிற்கிற கார்கூடப் பாயக் காத்திருப்பதுபோல் தோன்றும். அழகுதான். ஆனால் அந்த இரண்டு விரலுக்குள் நடக்கும் சங்கதிகள் அழகைவிட அதிசயமானவை.

கார் ஏன் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்கிறது? ஒவ்வொரு சில்லோடும் ஒரு சுருள்வில், அதாவது ஸ்பிரிங், இருக்கிறது. காரின் பாரம் அதை அமுக்க, ஸ்பிரிங்கின் எதிர்ப்பு பாரத்துக்குச் சமமாகும் இடத்தில் கார் நின்றுவிடுகிறது. அந்த அமுக்கமே காரின் ஆட்டத்தையும் தீர்மானிக்கிறது. 25 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் கார் நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். 6 சென்டிமீட்டர் என்றால் இரண்டு தடவை. சாதாரணக் கார்கள் பெரும்பாலும் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை ஆடுமாறு செய்யப்படுகின்றன. நம் நடையின் தாளத்துக்கு அது பக்கத்தில் இருப்பதால் உடம்பு அலுத்துக்கொள்வதில்லை.

காரை இறக்குவதற்காக ஸ்பிரிங்கின் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடிவிடும். கம்பியின் தடிப்போ இன்னும் விந்தை: பத்தில் ஒரு பங்கு தடித்தாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். விறைத்த ஸ்பிரிங் வேகமாகத் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷொக் எப்சோபர். உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளி, ஆட்டத்தை வெப்பமாக மாற்றிவிடுகிறது. குண்டும் குழியுமான பாதையில் ஓடிவந்த காரில் அதைத் தொட்டால் சுடுவது இதனால்தான். மென்மையான ஸ்பிரிங்குக்கு அளந்து செய்த பழைய ஷொக் எப்சோபர், விறைத்த ஸ்பிரிங்கிடம் தோற்றுப்போகும்.

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் வளைவுகளில் கார் திரும்பும்போது, பாரம் வெளிப்பக்கச் சில்லுகளுக்குத் தாவுகிறது. பாரத்தின் மையம் 55 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 52க்கு இறங்கினால் அந்தத் தாவல் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஓடும் கார்கள் தாழ்ந்திருப்பது இந்த லாபத்துக்காகத்தான்.

இங்கேதான் ஒரு திருப்பம். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சில்லுகள், பொறியியலாளர் ஏர்ல் மக்பர்சன் வகுத்த அமைப்பில் நிற்கின்றன. 1950இல் வந்த ஃபோர்ட் கொன்சல் அதை ஏற்ற முன்னோடிகளில் ஒன்று. வளைவில் காரின் உடல் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றியே சாய்கிறது. அதற்கு உருள்மையம் என்று பெயர். இந்த அமைப்பில் காரை 3 சென்டிமீட்டர் இறக்கினால், சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் கோணம் மாறி, உருள்மையம் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். பாரமையத்துக்கும் உருள்மையத்துக்கும் உள்ள தூரம் நீளும். நெம்புகோல் நீண்டதுபோலத்தான். ஸ்பிரிங்குக்குப் போதிய விறைப்பில்லாவிட்டால், தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகச் சாயும்! கண்ணுக்குப் பந்தயக் காராகத் தெரிவது வளைவில் அதற்கு நேரெதிராக நடந்துகொள்ளும். சில்லின் தலையும் உள்ளே சரிந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயத் தொடங்கும்.

அடிவயிறு இடிப்பதும் கோணக் கணக்குதான். முன்பின் சில்லுகளுக்கிடையே இரண்டரை மீட்டர் நீளமுள்ள கார், தரையிலிருந்து 16 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், பதினான்கரைப் பாகை முறியும் மேட்டைத் தாண்டும். 10 சென்டிமீட்டர் என்றால் 9 பாகையோடு சரி. ஏ9 வீதியிலிருந்து தோட்டப் பாதைக்குச் செங்குத்தாக ஏறும் இடங்களில் இந்த வித்தியாசம் சத்தமாகவே கேட்கும்.

மாத்தளை வீதிகளுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் இறக்கம் வேண்டாம். தாழ்வான உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் ஷொக் எப்சோபரையும் சேர்த்தே மாட்டுங்கள். அன்றைக்கே வீல் எலைன்மன்ட் பாருங்கள். வெட்டிய ஸ்பிரிங், சில்லு குழியில் தொங்கும்போது தான் அமர்ந்திருக்கும் தட்டை விட்டு நழுவக்கூடும். வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.