பாவசங்கீர்த்தனத் தொட்டி

மரத்தடுப்பில் சிறு துளைகள். கீழே முழந்தாளிட ஒரு பலகை. அந்தப் பக்கம் குருவானவரின் காது, இந்தப் பக்கம் பாவத்தை அறிக்கையிடும் தழுதழுத்த குரல். கேட்டதை அவர் எவரிடமும் சொல்லக்கூடாது.

இந்தத் தொட்டி வைக்க முடியாத காலமும் இருந்தது. திருகோணமலைக் கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் அவர்கள் ஆண்ட இலங்கைக் கரையோரத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அப்போது தொட்டி ஏது? 1687இல் தூத்துக்குடியில் தோணியேறி, கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார் கோவாவைச் சேர்ந்த குரு யோசேவ் வாஸ். தமிழ் படித்து, இரவில் வீடுகளில் மறைவாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஆண்டுக்கணக்காகக் குருவைக் காணாதவர்களுக்கு அந்த இரவுகள் எத்தனை பெரிய ஆறுதல்! 2015இல் வாஸ் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இன்று பாவசங்கீர்த்தனத்தின் பெயர் ஒப்புரவு அருட்சாதனம். தவக்காலத்தில் கடலுக்குப் போகிறவர்களும் தொட்டியின் முன் வரிசையில் நிற்கிறார்கள்.