அதே 118 அடி... அங்கே ஃபுல், இங்கே பாக்கி!

நெல்லை மக்கா, ஒரு சின்னக் கேள்வி. 'அணையில் 118 அடி தண்ணீர்'னு ஒருத்தர் சொன்னா உடனே சந்தோஷப்படுவீங்களா? "எலே, எந்த டேம்?"னு தானே முதல்ல கேப்பீங்க! மணிமுத்தாறுன்னா 118 அடிதான் உச்ச நீர்மட்டம். அணை ஃபுல். பாபநாசம்னா உச்சமே 143 அடி; இன்னும் 25 அடி பாக்கி. நம்பர் ஒண்ணு, அர்த்தம் வேற!

சி, சி பிளஸ் பிளஸ் எழுதுற நாம கம்பைலர்கிட்ட ஏமாறுறதும் இதே இடத்துலதான்.

எரர் வந்தா புரோகிராம் ஓடாது. வார்னிங் வந்தாலும் ஓடும். அதனாலேயே வார்னிங்கை யாரும் மதிக்கிறதில்லை. எவ்வளவு வார்னிங் வரணும்னு சொல்ல ஒவ்வொரு கம்பைலருக்கும் ஒரு அளவு உண்டு. லேப்ல லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். அங்கே 'டபிள்யூ-ஆல்'னு கொடுத்தா, பேர்லதான் 'ஆல்'. எல்லா வார்னிங்கும் வராது. கூடவே 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' போடணும். அதுக்கு மேலயும் பல வார்னிங்குகள் தனித்தனியா கேட்டாத்தான் வரும்.

அதே புராஜெக்ட்டை ஃப்ரெண்டோட விண்டோஸ் மெஷினுக்குக் கொண்டு போங்க. மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு 'டபிள்யூ-ஆல்' புரியும். ஆனா அங்கே 'ஆல்'னா நிஜமாவே ஆல்! நீங்க எழுதாத சிஸ்டம் ஃபைல்கள்ல இருந்தெல்லாம் வார்னிங் வெள்ளமா வரும். 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா'வோ அதுக்குத் தெரியவே தெரியாது; எரர் காட்டி நின்னுடும். வைவா அன்னிக்கு இப்படி ஆனா... அல்வாதான்!

'மார்க் போனா போகுது'ங்கிறீங்களா? 2014 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு நடந்ததைக் கேளுங்க. ஐபோன், மேக் ரெண்டுலயும் இணையப் பாதுகாப்பைச் சோதிக்கிற சி புரோகிராம்ல 'கோட்டூ ஃபெயில்'ங்கிற வரி தவறுதலா ரெண்டு தடவை இருந்துச்சு. ரெண்டாவது வரியால அதுக்குக் கீழே இருந்த முக்கியமான சோதனை நடக்கவே இல்லை. போலி வெப்சைட்டும் நிஜம் மாதிரி உள்ளே வரலாம்கிற நிலைமை. 'இந்த வரிக்குப் போக வழியே இல்லை'னு சொல்ற வார்னிங் கிளாங் கம்பைலர்ல அப்பவே இருந்தது. ஆனா அது 'டபிள்யூ-ஆல்'ல சேர்த்தி இல்லை! 2016ல் வந்த ஜிசிசி 6, இந்த மாதிரி ஏமாத்துற இண்டென்ட்டைக் கண்டுபிடிக்கிற வார்னிங்கை 'டபிள்யூ-ஆல்'லயே சேர்த்துடுச்சு.

சரி, என்ன பண்ணலாம்? எந்த மெஷின்ல எப்படி கம்பைல் பண்ணணும்னு பார்த்துக்கிற மேஸ்திரிதான் பில்டு சிஸ்டம். வேலையை அவர்கிட்ட விடுங்க.

* மேசான் யூஸ் பண்ணா, வார்னிங் லெவல் 3னு ஒரே வரி போதும். ஜிசிசிக்கு ஆல், எக்ஸ்ட்ரா, பெடான்டிக் மூணையும், மைக்ரோசாஃப்ட்டுக்கு 'டபிள்யூ4'ஐயும் அதுவே கொடுத்துடும்.

* சிமேக்ல அப்படிப் பொதுவான லெவல் கிடையாது. 'மைக்ரோசாஃப்ட் கம்பைலரா? டபிள்யூ4. இல்லையா? ஆல், எக்ஸ்ட்ரா'னு நீங்களே பிரிச்சு எழுதணும். அதையும் 'பிரைவேட்'னு போடுங்க; உங்க லைப்ரரியை எடுத்துக்கிறவங்க தலையில அது ஏறாது.

* வார்னிங்கையே எரரா மாத்த, 2022ல் வந்த சிமேக் 3.24 முதல் பல கம்பைலர்களுக்குப் பொதுவா ஒரு வசதி இருக்கு. உங்க மெஷின்ல போட்டுக்கோங்க, எல்லாருக்கும் கட்டாயமாக்காதீங்க. புது கம்பைலர் வந்தா புது வார்னிங் வரும். நேத்து ஓடினது இன்னிக்கு நிக்கும். 2021 செப்டம்பர்ல லினக்ஸ் கெர்னல்லயே லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எல்லாருக்கும் ஆன் பண்ணிட்டு, பல பில்டுகள் உடைஞ்சதும் சில நாள்லயே டெஸ்ட் பில்டுகளுக்கு மட்டும்னு சுருக்கிக்கிட்டார்.

ஆத்துல தண்ணி ஏறினா குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முங்கியிருக்குன்னு எட்டிப் பார்க்கிற ஊர் நம்ம ஊர். கம்பைலர் கத்துறப்ப மட்டும் ஏன் காதைப் பொத்திக்கணும்? இன்னிக்கே உங்க புராஜெக்ட்டை ஒரு தடவை முழு வார்னிங்கோட ஓடவிட்டுப் பாருங்க. எத்தனை அடி ஏறியிருக்குன்னு தெரிஞ்சுடும்!