மடியும் இறக்கையும் மாறாத கோணமும்

விமானம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவன பெருந்தொழிற்சாலைகளும், பல்லாயிரம் தொழிலாளரும், கோடிக்கணக்கான முதலீடுமே. ஆனால் மாலை வேளைகளிலும் வார விடுமுறைகளிலும் தம் வீட்டுக் கொட்டகையில் உழைத்து, ஒருவரோ இருவரோ ஏறிப் பறக்கத்தக்க சிறு விமானத்தைத் தாமே கட்டி முடிப்போரும் மேற்கு நாடுகளில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அமெரிக்க விதிகளின்படி இத்தகைய விமானத்தின் பெரும்பகுதி வேலையை, கற்றலுக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ, தனியாட்களே செய்திருத்தல் வேண்டும். பிரித்தானியாவில் இப்பணியை மேற்பார்வை செய்யும் அமைப்பு லைற் எயார்கிராப்ற் அசோசியேசன் ஆகும்.

கட்டுவதை விடவும் கட்டியதை எங்கே வைப்பது என்பதுதான் இவர்களுட் பலருக்குப் பெருஞ்சிக்கல். பத்து மீற்றர் அகலத்துக்கு விரிந்து நிற்கும் ஒன்றை எந்த வீட்டுக் கராஜினுள் நுழைக்க முடியும்? விமானத் திடலில் கொட்டகை வாடகையோ ஆண்டு முழுவதும் பணத்தை விழுங்கும். இதற்குக் கண்ட விடையே மடியும் இறக்கை.

இது புதிய எண்ணமன்று. 1913ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவின் ஷோர்ட் சகோதரர்கள் கப்பலில் ஏற்றுவதற்காக இறக்கை மடியும் கடல் விமானங்களைச் செய்தனர். பொதுமக்களிடம் இவ்வெண்ணத்தைக் கொண்டு சேர்த்தது டி ஹவிலண்ட் மொத் விமானம். 1925 பெப்ரவரி 22ஆம் நாள் ஜெப்ரி டி ஹவிலண்ட் அதனை முதன்முதலாகப் பறக்கவிட்ட ஸ்டாக் லேன் திடல், நம்மவர் பலர் வாழும் வடமேற்கு இலண்டனில் எட்ஜ்வெயாரை அடுத்து இருந்தது. இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. இறக்கைகளைப் பின்னோக்கி மடித்து, காரின் பின்னே கட்டி இழுத்துச் செல்லலாம் என்பதே மொத் விமானத்தின் கவர்ச்சிகளுள் ஒன்று. 1930இல் அமி ஜோன்சன் தன்னந்தனியே இலண்டனின் குறொய்டனிலிருந்து அவுஸ்திரேலியாவின் டார்வின் நகர்வரை பறந்ததும் இவ்வினத்து விமானத்தில்தான்.

வீட்டில் கட்டுவோரிடையே இம்முறையைப் பரப்பியவை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பிறந்த இரண்டு விமானங்கள். டீன் வில்சன் வடிவமைத்த அவிட் பிளையர் 1983இலும், அதே மரபில் டான் டெனி உருவாக்கிய கிற்பொக்ஸ் 1984இலும் வெளிவந்தன. உருக்குக் குழாய்களை ஒட்டிச் செய்த உடல். இரண்டு அலுமினியக் குழாய்களை நெடுந்தண்டுகளாகக் கொண்டு, ஒட்டுப்பலகை விலாக்கள் பொருத்தி, துணி போர்த்திய இறக்கை. அதனைக் கீழிருந்து தாங்கும் V வடிவத் தாங்குதண்டுகள். முன் நெடுந்தண்டின் முளையைக் கழற்றினால், பின் நெடுந்தண்டின் பிணைச்சலில் சுழன்று இறக்கை உடலோடு ஒட்டிக்கொள்ளும்.

படலையும் அதன் பிணைச்சலும்

பொறிமுறையை விளங்கிக்கொள்ள நம்மூர்ப் படலையை நினைத்தாற் போதும். மேற்பிணைச்சலும் கீழ்ப்பிணைச்சலும் ஒரே நேர்கோட்டில் இருந்தாலன்றிப் படலை இலகுவாகத் திறக்காது. ஒரு பக்கம் எழும்பும், மறுபக்கம் நிலத்தில் உராயும். இறக்கைக்கு மேற்பிணைச்சல் பின் நெடுந்தண்டின் அடியில். கீழ்ப்பிணைச்சல் தாங்குதண்டுகள் உடலைச் சந்திக்கும் இடத்தில். இவ்விரண்டும் ஒரே அச்சில் அமையாவிடில், மடிக்கும்போது தாங்குதண்டு வளையும், அல்லது பொருத்துகள் திருகுப்படும். அச்சேதம் கண்ணுக்குத் தெரியாமற் போவதே அதன் ஆபத்து.

ஆயினும் மடிப்பது எளிய பகுதியே. விரித்தபின் இறக்கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதில்தான் உயிர் தங்கியுள்ளது.

நூலும் குண்டும்

கோணங்களைச் சரிசெய்யும் வேலைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நம் மேசன்மார் சுவர் எழுப்பக் கையாளும் தூக்குக்குண்டு, நூல், ரசமட்டம், நீர் நிரப்பிய தெளிந்த குழாய் ஆகியவையே பெரும்பாலும் போதும். காற்றுப் புகாத கொட்டகையும் நிறைந்த பொறுமையுமே இன்றியமையாதன.

முதலில் விமானத்தின் உடலை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மட்டமாக்கி அசையாதபடி நிறுத்தவேண்டும். அடுத்து இரு இறக்கைகளையும் பொருத்தி, நுனிகளுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நூலை இழுத்துக் கட்டவேண்டும். இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்றே உயர்ந்திருத்தல் வேண்டும். விமானம் ஒருபுறம் சாய்ந்தால் தானே நிமிர்வதற்கு அவ்வுயர்வு துணைபுரியும். நாலரை மீற்றர் நீளமுள்ள இறக்கையில் ஒரு பாகை உயர்வென்பது நுனியில் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் ஆகும்.

பின்னர் முன்விளிம்பில் தூக்குக்குண்டுகளைத் தொங்கவிட்டு, அவை ஒரே நேர்கோட்டில் விழுகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு நுனியிலிருந்தும் வாலின் நடுத்தண்டுக்கு உள்ள தூரத்தை அளந்தால் இரண்டும் சமமாக இருக்கவேண்டும். இங்கே சிறு கணக்கொன்று பயன்படும். இரு நெடுந்தண்டுகளுக்கும் இடைவெளி 70 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். முன் முளையின் துளை ஒரு மில்லிமீற்றர் விலகினால், நாலரை மீற்றருக்கு அப்பாலுள்ள நுனி ஆறு மில்லிமீற்றருக்கு மேல் விலகிவிடும். அடியில் நேரும் பிழை நுனியிற் பெருகுகிறது.

இறுதியாக, காற்றை எதிர்கொள்ளும் கோணம். இரு இறக்கைகளும் அடியில் ஒரே கோணத்தில் இருக்கவேண்டும். இன்றேல் விமானம் எப்போதும் ஒருபுறம் சாயும், விமானி பயணம் முழுவதும் கட்டுத்தடியைத் தள்ளிப்பிடித்தே பறக்கநேரும். நுனியை நோக்கிச் செல்லச்செல்ல இக்கோணம் சற்றுக் குறையும்படி இறக்கையை முறுக்கிவைப்பர். காரணம் எளிது. வேகம் குறைந்து, கோணம் மிகும்போது இறக்கை காற்றின் பிடியை இழக்கும்; இதனையே ஸ்டோல் என்பர். அவ்விழப்பு அடியில் தொடங்கினால், நுனிப்பக்கத்தில் இன்னும் காற்றின் பிடி எஞ்சியிருக்கும். விமானி சமநிலையைக் காத்துக்கொள்ளலாம். நுனியில் தொடங்கினாலோ, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்கினாலோ, விமானம் சட்டென்று புரளும். தரையிறங்கும் உயரத்தில் அதனை மீட்க இடமுமில்லை, நேரமுமில்லை.

இம்முறுக்கைத் தீர்மானிப்பது பின் தாங்குதண்டின் நீளம். மேற்சொன்ன 70 சென்ரிமீற்றர் இடைவெளியில், பின் நெடுந்தண்டு முன்னதை நோக்க 12 மில்லிமீற்றர் உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ கோணம் ஒரு பாகை மாறிவிடும். ஆகவே எல்லா அளவுகளும் ஒன்றோடொன்று ஒத்துவந்த பின்னரே இறுதித் துளைகளை இடவேண்டும். முதலில் சற்றுச் சிறிதாகத் துளைத்து, பிறகு துளைசீவியால் உரிய அளவுக்குக் கொண்டுவருவதே முறை. மரத்தில் தவறாக இட்ட துளையை அடைத்துவிடலாம். உருக்குத் தாங்குதண்டில் அவ்வாறு செய்யமுடியாது.

மீண்டும் வருகிறதா?

நிலையான இறக்கையாயின் வேலை இத்துடன் முடிந்தது. மடியும் இறக்கைக்கோ இன்னொரு சோதனை உண்டு. இறக்கைகளைப் பலமுறை மடித்து விரித்து, ஒவ்வொரு முறையும் அளவுகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும். முதல் நாள் கண்ட அளவிற்கே இறக்கை திரும்பி வருமானால் பொருத்துகள் நம்பத்தக்கவை. வராவிடில் எங்கோ ஒரு துளை தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு பொருத்து வளைகிறது.

முளையை நூறு தடவை இழுத்துச் செருகும்போது துளை தேய்ந்து முட்டை வடிவாகும். அதனால் வேண்டியபோது மாற்றத்தக்க கடின உருக்கு வளையங்களைத் துளையினுள் பதிப்பதுண்டு. வீதியும் ஓர் எதிரியே. மடித்த நிலையில் இழுத்துச் செல்லும்போது, பள்ளங்களில் விழுந்தெழும் அதிர்ச்சி முழுவதையும் பிணைச்சல்கள் தாங்குகின்றன. பறப்பதற்கென்று கணித்த பொருத்து வீதியின் குலுக்கலுக்கென்று கணிக்கப்பட்டதன்று. எனவே மடித்த இறக்கைக்கு நெடுந்தண்டுகளின் கீழே தனியான முட்டுகள் அவசியம்.

எல்லாவற்றிலும் கொடியது மறதி. இறக்கையை விரித்து, முளையைச் செருகி, அதன் பூட்டூசியை மாட்ட மறந்தால், தரையில் எதுவும் தெரியாது. விமானம் முழுமையாகவே தோன்றும். சாய்வைக் கட்டுப்படுத்தும் பலகைகளின் இணைப்பும் அவ்வாறே. சில அமைப்புகளில் அது தானே பொருந்தும். சிலவற்றிற் கையால் பூட்டவேண்டும். பயணத்துக்குப் பயணம் இறக்கைகளைக் கழற்றிப் பூட்டும் கிளைடர் விமானிகள் இதற்கு ஒரு நல்ல வழக்கத்தை வகுத்துள்ளனர். ஒருவர் வெளியே நின்று பலகையைக் கையால் அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து கட்டுத்தடியை அசைப்பார். தடியின் விசை வெளியே நிற்பவரின் கையில் உறைத்தால் இணைப்பு உண்டு. பலகை அசைவதைக் கண்ணால் மட்டும் காண்பது போதாது.

இன்னொரு நெறியும் உண்டு. இறக்கையைப் பூட்டும் வேளையில் யாரேனும் பேச்சுக் கொடுத்தாலோ, தொலைபேசி ஒலித்தாலோ, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது; தொடக்கத்திலிருந்தே சரிபார்க்கவேண்டும். எங்கே விட்டோம் என்பதை நினைவு மிகுந்த உறுதியோடு பிழையாகச் சொல்லும்.

இந்நாடுகளில் நம் பிள்ளைகள் பலர் பொறியியல் கற்கின்றனர். சூத்திரங்களைப் பல்கலைக்கழகம் கற்பிக்கும். ஒரு துளைக்கு முன் மூன்று முறை அளக்கும் பழக்கத்தையும், தான் செய்ததை இன்னொருவர் பார்க்கட்டும் என்று விட்டுக்கொடுக்கும் பணிவையும் கைவேலைதான் கற்பிக்கும். பெருவிமானத்தில் துளையிட்டவர் ஒருவர், சோதித்தவர் வேறொருவர், அதில் ஏறிப் பறப்பவர் மூன்றாமவர். கொட்டகையில் கட்டியவருக்கோ அந்த மூவரும் அவரே. தாம் அளந்த கோணத்தின் கீழேயே அவர் அமர்கிறார். சில வேளை தம் மனைவியையோ பிள்ளையையோ பக்கத்தில் அமர்த்திக்கொண்டு. ஆகையால் முளைகள் அனைத்தையும் கையால் தொட்டு எண்ணி முடிக்கும்வரை அவர் இயந்திரத்தை முடுக்கலாகாது.