ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் நீலப் பூ

கல்யாண் ரயில்வே குடியிருப்பு ஒன்றில் தரைத்தள வீடு. சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண். மார்கழி பிறந்துவிட்டால் அந்த இடம் காலை நேரத்தில் நீலமாகப் பூத்துக் கிடக்கும். அது ஆளிச் செடி. ஆளி விதை, ஆளி எண்ணெய் என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் இந்தச் செடி தருவதுதான்.

வீட்டுக்காரர் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். தென்காசிப் பக்கத்துக்காரர். 30 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பக்கத்து வாசம். காலை 7 மணிக்கு லோக்கல் பிடித்தால் இரவு 8 மணிக்குத்தான் வீடு. ஆளிப் பூவோ வெயில் வந்த பிறகு விரிந்து, உச்சிப் பொழுதுக்குள் இதழ்களை உதிர்த்துவிடும். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே ஒரு காலைப் பொழுதுதான். மறுநாள் வேறு மொட்டுகள் மலரும். ஆகவே தான் விதைத்த பூவை அவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே! மற்ற நாட்களில், மண்ணில் கிடக்கும் இதழ்களை டார்ச் விளக்கு அடித்துப் பார்ப்பதோடு சரி.

"மத்த நாள்ல அவுகளுக்கும் சேர்த்து நான்தான் பார்க்கேன்" என்று சிரிக்கிறார் அவருடைய மனைவி.

பெயரால் வந்த ஏமாற்றம்

முதல் வருடம் இவர்கள் விதைத்தது ஆளியே அல்ல. எழுத்தர் மளிகைக் கடையில் போய் "ஆளி" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் "அளீவ்" என்று புரிந்துகொண்டு பொட்டலம் கட்டிவிட்டார். செம்பழுப்பான அந்தச் சிறு விதையைத் தேங்காய், வெல்லம் சேர்த்து லட்டு பிடித்துப் பிரசவித்த பெண்களுக்குக் கொடுப்பது மராட்டிய வழக்கம். மளமளவென்று முளைத்தது. பூத்ததோ பொடிப்பொடியான வெள்ளைப் பூ! தமிழ்நாட்டிலும் நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டு விதைகளுக்கும் ஆளி என்ற பெயர் வழங்குவதுண்டு. கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பக்கத்து வீட்டு பண்டாரா மாவட்டத்து அம்மாள்தான் விஷயத்தை விளக்கினார். நாம் தேடும் விதைக்கு மராட்டியில் "ஜவஸ்" என்று பெயர். இந்திக்காரர் கடையானால் "அல்சி" என்று கேட்க வேண்டும். எள்ளைவிடச் சற்றுப் பெரிது. தட்டையாக, எண்ணெய் தடவியது போல் பளபளக்கும். அவர் ஊர்ப் பக்கம் நெல் அறுப்பதற்கு முன்பே, நிற்கிற பயிரின் ஊடே இதைத் தூவிவிடுவார்களாம். மிச்ச ஈரத்திலேயே விளைந்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் உளுந்து தூவுகிறார்களே, அதே முறைதான்.

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், விதர்பா வயல்களில் பயிராவது எண்ணெய்க்கான குட்டை ரகம். மிஞ்சினால் இரண்டடி உயரம். ஐரோப்பாவில் பயிராகும் உயர ரகத்தின் நாரில்தான் லினன் துணி நெய்கிறார்கள்.

விதைக்கும் முறை

வறுத்த விதை முளைக்காது. பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்து முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். வழவழவென்று பசை விடும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

மழை ஓய்ந்து இரவில் குளிர் தட்டும் அக்டோபர் கடைசி, அல்லது நவம்பர்தான் பருவம். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது இதற்கு ஒத்துவராது. வளரும் இடத்திலேயே தூவி, அரை அங்குலம் மண் மூடினால் போதும். ஒரு வாரத்தில் முளை தெரியும். ரொம்ப நெருக்கமாக இருந்தால் கொஞ்சம் களைந்துவிடலாம். ஆனால் தண்டு மெலிந்தது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அளவுக்காவது நெருக்கம் வேண்டும். எருவை அள்ளிக் கொட்டினால் கொழுத்துச் சாயும். நல்ல வெயில் அவசியம். தண்ணீர் தேங்கவே கூடாது. வாடல் நோய் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் அடுத்த வருடம் இடத்தை மாற்றுவது நல்லது.

மாடி வீட்டுக்காரர்கள் அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பாவில் வளர்க்கலாம். பெயிண்டிலும் வார்னிஷிலும் சேர்வது ஆளி எண்ணெய்தானே, பொருத்தமாகவே இருக்கும்!

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல், 15 நாள் விட்டு இரண்டு தடவையாக விதைக்கிறார் எழுத்தர். பூ பார்க்கும் ஞாயிறுகள் இரண்டாவது கூடுமே என்ற கணக்கு.

காய் முற்றிப் பழுப்பானதும் ஆட்டினால் கலகலக்கும். ஒரு காயில் அதிகம் போனால் பத்து விதை. கட்டில் அளவு மண்ணில் ஏறக்குறைய ஓர் ஆழாக்கு தேறுகிறது. வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து இடித்தால் அதுதான் மராட்டியர்கள் பாக்ரிக்குத் தொட்டுக்கொள்ளும் ஜவஸ் சட்னி. இவர்கள் வீட்டில் அது இட்லிப் பொடி. நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அவ்வப்போது கொஞ்சமாக இடித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். பத்லாப்பூரில் பார்த்திருக்கும் வாடகை வீடு மூன்றாவது மாடி, மண் கிடையாது. கிழக்கு ஜன்னலில் ஒரு கம்பிக்கூடு மட்டும் இருக்கிறது. பொடிக்கு எடுத்தது போக ஒரு பிடி விதையைப் பாட்டிலில் போட்டு மூடி, சாமான் மூட்டையில் முதலில் வைத்திருக்கிறார் மனைவி. நாலு பெயிண்ட் டப்பாவும் சேகரித்தாகிவிட்டது.

"இனிமே காலையில வீட்லதான் இருப்பாக. தினமும் பார்க்கட்டும்" என்கிறார்.